பொய் சொல்லாத மிசின்

— வேற மிசின் குடுங்க ஐயா. இது பொய் சொல்லுது.

— அம்மா, முதல்லை அந்தக் குடையை வெளியிலை வையுங்கோ, கண்ணாடிப்பெட்டியெல்லாம் தண்ணி. ம்... ரத்தத்திலை சீனி பாக்கிற மெசினோ? இது எங்கட கடையிலை வாங்கினதில்லையே.

— மக அனுப்புனதுங்க. ஜெயந்தினி. குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கா. போன மொத வருசமே அப்பாவுக்குன்னு அனுப்புனா. மடுல்சீமைத் தேயிலத் தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்குத்தான் மொத மொதல்ல இந்த மிசின் வந்துச்சு.

— உங்கட பேர்?

— இராக்கம்மா. அவரு பேரு இராமையா.

— நான் சிற்றம்பலம். முப்பது வருசம் ஆசுப்பத்திரியிலை மருந்து குடுத்தனான். இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு இந்த பாமசியிலை நிக்கிறன். அதாலை சொல்லுறன் கேளுங்கோ. மெசினுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

— அப்ப இது எப்படிங்க? பதுளை பெரியாஸ்பத்திரில நானூத்திப் பத்துன்னாங்க. அன்னைக்குக் காலைல இது அறுவத்திரெண்டு காட்டுச்சு. நாந்தான் குத்துனேன். அவரு கை தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுன கை, லேசுல ஊசி எறங்காது. நாலு குத்து குத்தித்தான் ரத்தம் எடுத்தேன். அறுவத்திரெண்டு.

— நானூற்றிப் பத்துக்கும் அறுபத்திரண்டுக்கும்... சீச்சீ, நடக்காத காரியம். அந்தாள் வரேல்லையோ?

— அவரால வர ஏலாதுங்க. ஒரு காலு முழங்காலோட போயிருச்சு.

— அட கடவுளே. சரி, சரி. புதுசெண்டால் ரண்டு கிடக்கு. பாருங்கோ, இதிலை எழுத்துப் பெரிசு, கண் மங்கினவைக்கு நல்லது. மற்றது சின்னன். ஒரு துளி ரத்தமே போதும், ரத்தம் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் ஒவ்வொண்டும் தனித்தனி உறையிலை வருது. உங்கட பக்கத்து ஈரத்துக்கு நான் எண்டால் இதைத்தான் எடுப்பன்.

— எது உண்மையச் சொல்லும்?

— ரண்டும் சொல்லும்.

— இதயும் அப்படித்தாங்க நெனச்சேன். ஐயா, புதுசு எடுக்க முந்தி, இது எதனால பொய் சொல்லுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. அது தெரியாம நா இங்கருந்து போக மாட்டேன்.

— பெரிய பிடிவாதக்காரி நீங்கள். தாங்கோ இங்கை. எனக்கும் சீனி வருத்தந்தான், என்ரை விரலையே குத்திப் பாப்பம். ஆ... இது உங்கட ஸ்ட்ரிப். பொறுங்கோ. ஐம்பத்தெட்டோ! உது உண்மையெண்டால் நான் இப்ப மயங்கி விழுந்திருக்கோணும். இனி இதே மெசினிலை, இதே கம்பனியின்ரை எங்கட கடை ஸ்ட்ரிப்... இருநூற்றிப் பன்னிரண்டு. ம், என்ரை மனிசி சுட்ட பலகாரம் வேலை செய்யுது. விளங்குதோ? மெசின் சோக்கான மெசின். ஸ்ட்ரிப்தான் பழுது. திகதியும் முடியேல்லை. இந்தப் போத்தலை எங்கை வைச்சிருந்தனீங்கள்?

— பத்திரமாதாங்க வச்சேன்.

— எங்கை?

— அடுப்புக்கு மேல இருக்குற பலகைல. உப்பு, நெருப்புப்பெட்டி, மக போடுற கடுதாசி, எல்லாம் அங்கதாங்க. எங்க பக்கம் பனி எறங்குனா தலகாணி கூட பூத்துப் போகும். பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு, இங்கிலீசும் அரபியும். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாகிட்ட காட்டுனேன். ஈரம் படாம காஞ்ச எடமாப் பாத்து வையுன்னாரு. லயத்துக் காம்பராவுல காஞ்ச எடம் அது ஒண்ணுதாங்க.

— அவர் அரைவாசிதானே வாசிச்சிருக்கிறார்! குளிர்ச்சியான, ஈரமில்லாத இடம் எண்டெல்லோ கிடக்கு. சூடு பட்டால் இதிலை பூசின மருந்து செத்துப் போம். காலைமையும் பின்னேரமும் விறகு எரியிற அடுப்புக்கு மேலை! எத்தினை மாதம்?

— ஏழு மாசம். மக அஞ்சாறு போத்தல் ஒண்ணா அனுப்பியிருந்தா, எல்லாமே அங்கதான்.

— நாளுக்கு நாள் குறைச்சுக் குறைச்சுத்தான் காட்டியிருக்கும். சீனி மருந்துக் குளிசையாவது ஒழுங்காக் குடுத்தனீங்களோ?

— கிளினிக்குல நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. எழுவதுக்குக் கீழ போனா குளிச குடுக்காத, ஒடனே சீனி குடு, இல்லாட்டி ஆளு போயிருவாருன்னு. நா ஒரு நாள் கூட மறக்கலீங்க. விடியக்கால வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குப் போக முந்தி குத்திப் பாப்பேன். கொறஞ்சிருந்தா மூணு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பேன். கல்யாணங் கட்டி முப்பது வருசத்துல இப்பத்தாண்டி ஒழுங்கா தேத்தண்ணி ஊத்துறன்னு சிரிப்பாரு.

— ஐயோ பிள்ளை... அதுக்குப் பிறகு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?

— நம்பருதான் நல்லா இருக்கே, எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும்னு நின்னுட்டோம். கால் விரல் கறுக்கவுந்தான் ஓடுனோம்.

— சரி, நடந்தது நடந்து போச்சு. புது மெசின் வேண்டாம், வீண் செலவு. ஸ்ட்ரிப் மட்டும் புதுப் போத்தல் ஒண்டு எடுங்கோ. அடுப்புப் பக்கமே கொண்டு போகாதேங்கோ. மற்றக் காலையாவது காப்பாத்துவம்.

— அப்ப அடுப்புதாங்களா? வேற காரணமே இருக்காதா? மிசினு, அந்த டிஸ்பென்சரி ஐயா, யாரு மேலயும் பிழை இல்லீங்களா?

— சும்மா ஏன் மற்றவையை இழுக்கிறியள்? அந்தாள் சொன்னது அரைகுறைதான். எண்டாலும் அடுப்புக்கு மேலை வைச்சது நீங்கள். சீனி போட்டுக் குடுத்ததும் நீங்கள். முகத்துக்கு நேரை சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. இனியும் அந்தப் பிழை விடக்கூடாது, அதுக்குத்தான். இந்தாங்கோ, பிடியுங்கோ.

— வேணாங்க ஐயா. உள்ள வைங்க.

— ஏன், அந்தாளுக்கு வேண்டாமோ?

— கால எடுத்தும் உசுரு தங்கல, அவர அடக்கம் பண்ணி இன்னிக்கு ஒம்பதாம் நாளுங்க. கருமாதி முடியல, அதான் பொட்டோட நிக்கிறேன். மொதல்லயே சொல்லியிருந்தா, பாவம்னு நெனச்சு மிசின் மேல பழியப் போட்டு என்னைய அனுப்பியிருப்பீங்க.