பக்கத்து இருக்கையின் எடை

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஐயா. வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பைப் பார்த்தேன், பின்பக்கம் உட்கார்ந்துபோயிருக்கிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பரின் மேல் புது ஸ்பிரிங்கைப் போட்டு யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சொல்வதை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். நான் எங்கும் ஓடப்போவதில்லை.

என் தொழில் பல் செட் செய்வது. கடைவாயில் ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டாலும் மனிதர் சோற்றை மெல்ல முடியாமல் திரும்பி வந்துவிடுவார். பொருந்தாத ஒன்றோடு வாழ்வது எவ்வளவு கொடுமை என்று தினமும் பார்க்கிறவன் நான். அதனால்தான் என் சிவப்பு நிறக் கார் எனக்கு வேதனையாக இருந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த மூக்கு, சிங்கம் மாதிரி இன்ஜின். ஆனால் கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷன் சோபா மாதிரி மெத்துமெத்து. வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகுதான் திரும்பும்.

பட்டறைக்காரர் வாயாடி, ஆனால் விஷயம் தெரிந்தவர். "ஸ்பிரிங் மட்டும் போட்டா வண்டி பாக்க அழகா குனியும் சார், பள்ளத்துல விட்டா குதிக்கும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா வர்ற செட்டா போடுங்க. உயரத்தையும் திருகி மாத்தலாம், இறுக்கத்தையும் திருகி மாத்தலாம்" என்றார். அதையே போட்டோம்.

என் மச்சினன் அன்றைக்குத் துணைக்கு வந்திருந்தான். மனைவியின் ஒரே தம்பி. வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தான். கொழுகொழு உடம்பு, சூதுவாது தெரியாது, உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவான்.

கடைசி வேலை ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எடைத்தட்டு வைத்து, ஓட்டுகிறவரை உள்ளே உட்காரவைத்து, நான்கு மூலையும் சமமாகத் தாங்கும்படி திருகி நிறுத்துவார்கள். அந்த நேரம் உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த அளவு பொருந்தும். பட்டறைக்காரர் குனிந்து எட்டிப்பார்த்து, "தம்பி எப்பவும் கூட வருவாரா சார்?" என்று கேட்டார். பக்கத்து இருக்கையில் மச்சினன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

"வருவான்" என்றேன்.

நான் செய்த தவறு இது ஒன்றுதான், ஐயா. மற்றதெல்லாம் பராமரிப்பு.

வீட்டுக்குத் திரும்பும்போது மலைச்சாலை வழியாக வந்தோம். நான் நினைப்பதற்கு முன்பே வண்டி திரும்பியது. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இல்லை, வாய்விட்டு அழுதேன். மச்சினன் விழித்துக்கொண்டு மேல் கைப்பிடியைப் பிடித்தபடி, "மாமா, மெதுவா மாமா" என்றான்.

மறுநாள் தனியாகப் போனேன். பிரேக்கை அழுத்தினால் மூக்கு ஒரு பக்கம் இழுத்தது. மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். எடை சரிதான், ஆனால் மூட்டைக்குப் பயம் கிடையாது. மச்சினன் ஒவ்வொரு வளைவிலும் பயந்து என் பக்கம் ஒண்டி, மூச்சைப் பிடித்துக்கொள்வான். அது இல்லாமல் வண்டி முழுமையாகவில்லை.

திரும்பப் பட்டறைக்குப் போய் எனக்கு மட்டும் அளவு வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். "அரை மணி நேர வேலை சார், முன்ன விட நல்லா வரும்" என்றார். முன்னதைவிட நல்லதாக ஒன்று இருக்கிறது என்று சொல்கிற ஆளை எப்படி நம்புவது? அன்றிலிருந்து மச்சினனை எங்கும் கூட்டிப்போனேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்குப் பக்கத்தில் கனம் இருந்தால்தான் வழியில் பயமில்லை.

பிறகு அவன் ஒரு பெண்ணைக் காதலித்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தான். வீட்டில் யாருக்கும் தெரியுமுன், ரவுண்டானாவில் வண்டி திரும்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாப்ளே, இளைச்சுட்டியா?"

"ஆமா மாமா, பேண்டெல்லாம் லூசாயிடுச்சு!" அவனுக்கு அது நல்ல செய்தி.

அன்றிலிருந்து அவன் தட்டில் நானே வெண்ணெய் வைத்தேன். தூங்கப்போகுமுன் பாலும் கேக்கும் கொடுத்தேன். ஓடுகிற ஷூவைக் கால்வாயில் போட்டேன். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பாகூட அவனை இப்படித் தாங்கினதில்லைங்க" என்றாள். கேட்க எனக்கும் நன்றாக இருந்தது. ஆனாலும் அவன் இளைத்துக்கொண்டே போனான். காதல் இருக்கும்வரை வெண்ணெய் உடம்பில் ஒட்டாது போலிருக்கிறது. மருந்துக்கடைக்குப் போய், அவனுக்கு வெளியூரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சோகத்தில் சிலர் துரும்பாகிவிடுவார்கள். நல்லவேளை, அவன் அந்த ரகமில்லை. படுக்கையைவிட்டு எழாமல் சாப்பிட்டான். எடை திரும்பி வந்து, கொஞ்சம் மிஞ்சியும்விட்டது. அந்தப் பக்கத்து ஷாக்கை இரண்டு சுற்று இறுக்கினேன். அவனுக்காக நானும் விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம்தான் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவன் அக்கா ஸ்வீட் வாங்கிக் கொடுத்து, பெட்டி கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து அழுதாள். ரயில் நிலையத்தில் விட நான்தான் கூட்டிப்போனேன். பக்கத்து இருக்கையை அதற்குள் மாற்றியிருந்தேன்; பந்தயக் கார்களில் இருக்குமே, தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து ஐந்து வார் போட்ட இருக்கை. பூட்டைத் திறக்கிற குமிழியை மட்டும் கழற்றி எடுத்திருந்தேன். வண்டியில் தேவையில்லாத எடை கூடாது.

"ஸ்டேஷன் தாண்டிட்டோம் மாமா."

"ஒரே ஒரு ரவுண்டு மாப்ளே" என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். வண்டி அங்கேதான் நின்றது, அவனும் அதில்தான் இருந்தான். கழுத்துக்குத் தலையணை, கண்ணாடியில் காற்றுக்கு இடைவெளி, மற்றபடி மனிதனுக்கு வேண்டிய எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். சாப்பாட்டைத் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பேன். அவன் அழுத நாளில், போன கண்ணீருக்கு ஈடாக ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுத்தேன். அவன் போனிலிருந்து அக்காவுக்குத் தவறாமல் செய்தி அனுப்பினேன்: வேலை பிடிச்சிருக்கு, ரூம் நல்லாருக்கு. அவன் எப்போதும் இரண்டு சிரிப்புப் பொம்மை போடுவான். நானும் இரண்டே போட்டேன்.

ஒருநாள் வழக்கமான ரவுண்டு போகும்போது கெஞ்சினான். "மாமா, வாரத்துல ஒருநாள் நானே வந்து உக்காந்துட்டுப் போறேன். சத்தியமா வருவேன். என்னை விட்டுடுங்க மாமா."

நான் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. ஓட்டிக்கொண்டே யோசித்தேன். ஆனால் மிச்ச நாட்களுக்கு வழி சொல்ல அவனுக்கும் தெரியவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறதென்று உங்கள் கான்ஸ்டபிள் நிறுத்தி, உயரத்தை அளக்க டேப்போடு மண்டியிட்டார். கண்ணாடி இடைவெளி வழியாக மச்சினன் அவர் காதில், "சார், என்னை இறக்கிவிடுங்க" என்றான். கான்ஸ்டபிள் கத்தியால் வார்களை அறுத்தார். அறுத்த வாரைத் தைத்தாலும் உதவாது; அதையாவது அவர் கேட்டுச் செய்திருக்கலாம். அவனைத் தூக்கி இறக்கியதும் வண்டி அந்தப் பக்கம் மெல்ல எழும்பியது. நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கால்கள் மரத்துப்போய் நிற்க முடியாமல் சரிந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஆமாம், அடைத்து வைத்தது நான்தான். காதலைக் கெடுத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மறுபடி வண்டியில் ஏற்றுவதாக இருந்தால், ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காலையில் என் மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவனைப் பத்திக் கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது, ஐயா. ஒவ்வொரு வளைவிலும் நான் அவனைத்தான் நினைத்தேன். ஒரு வேளை அவன் சரியாகச் சாப்பிடாவிட்டால் அடுத்த திருப்பத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அவளோ கூடப்பிறந்தவள், இரண்டு சிரிப்புப் பொம்மையைப் பார்த்துவிட்டு, தம்பி சௌக்கியம் என்று தூங்கப்போனாள்.