மூன்றாம் மண்டலத்து வீடு

கடிதத்தில் தேதியை மேலே வலது மூலையில் போட வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தேதி இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்பார் எங்கள் ஆசிரியை. மாநில விசாரணை அதிகாரியான நீங்கள் நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னபோது, முதலில் தேதியைத்தான் போட்டேன்.

லூசியானாவின் தெற்குக் கரையில், மிஸ்டர் ஹாய்ட்டின் விற்பனை மனையில் நான் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, வாங்கியவரின் நிலத்தில் இறக்கி வைக்கிற வீடுகளை விற்கிறோம். ஊரில் இவற்றை ட்ரெய்லர் என்பார்கள். குறை சொல்லி வரும் கடிதங்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு.

ஏமாற்றி விற்கப்பட்ட வீட்டை வாங்கியவர் என்னென்ன செய்யலாம் என்பது பல வக்கீல்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மறைந்திருந்த குறையைக் காட்டி விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம். மாநில அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பொய் சொல்லி விற்றதற்கு வழக்குப் போடலாம். எந்த வழியில் போனாலும் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி குறுக்கே நிற்கும்: வீடு இறங்கிய ஒரு வருடத்துக்குள் குறையை எழுத்தில் தெரிவித்து, அதன்மேல் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. அந்த வரி நீதிமன்றத்தில் நிற்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நீதிமன்றம் வரை நான் யாரையும் போகவிட்டதில்லை.

"எதுக்குங்க ஸ்டாம்பை வீணாக்கறீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க" என்பேன். போட்டார்கள். குழந்தைகளின் பெயரை நினைவு வைத்துக்கொண்டு விசாரிப்பேன். அன்பாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் சீக்கிரம் போய்விடும்.

போன வருடம் மிஸ்டர் ஹாய்ட், வடக்கே மூடப்போகிற ஒரு மனையிலிருந்து பன்னிரண்டு வீடுகளை மலிவாகப் பிடித்து வந்தார். காற்றின் வேகத்தை வைத்து அரசு பிரித்திருக்கிற மண்டலங்களில், இவை எல்லாம் முதல் மண்டலத்து வீடுகள். கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊர்களின் காற்றுக்குச் செய்தவை. எங்கள் கரையில் புயல் தாங்கும் மூன்றாம் மண்டலத்து வீட்டைத்தான் விற்கலாம். எந்த மண்டலம் என்பது சமையலறை அலமாரிக்குள் ஒட்டிய ஒரு காகிதத்தில் இருக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் பசை இளகிவிடும். மூன்றாம் மண்டலம் என்று புதுக் காகிதங்களை நானே தட்டச்சு செய்து ஒட்டினேன். பன்னிரண்டும் நேராக ஒட்டியிருந்தன.

அதில் ஒன்றை யூலா நாக்கன் வாங்கினார். நண்டு உரிக்கும் ஆலையில் வேலை. தனியாள், ஒரு நாய் உண்டு. வீட்டைத் தரையோடு இழுத்துக் கட்டும் பட்டைகளைச் சரிபார்க்க வந்த ஆள், கரை வீட்டுக்கு இதைப்போல இரண்டு மடங்கு பட்டை வருமே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"மிஸ் வெர்னா, என் வீட்டைவிட என் நாயைத்தான் கெட்டியா கட்டி வெச்சிருக்கேன் போல" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். இது புது மாதிரி வீடு, பட்டை குறைவாகத்தான் வரும் என்றேன். அலமாரியைத் திறந்து காகிதத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பத்து மாதம் அப்படிப் போனது. பிறகு நூலகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல் ஒருவர் அவரை எழுதச் சொல்லிவிட்டார். யூலா மரியாதை தெரிந்தவர். எழுதியதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். உங்கள் மேல் கோபம் இல்லை, சும்மா ஒரு பதிவுக்குத்தான் என்றார். நான் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். இப்படி அடித்தல் திருத்தலோடு அனுப்பினால் யாரும் மதிக்க மாட்டார்கள், சுத்தமாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை ஒரு பிழைகூட இல்லை. வேறு காரணம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. அன்று புதன்கிழமை. வெள்ளியோடு அவருடைய வருடம் முடிகிறது. வெள்ளி நண்பகலில் புயல் கரையைக் கடக்கும் என்றும் அறிவித்திருந்தார்கள்.

வியாழன் மதியம் கூப்பிட்டார்.

"ட்ரெய்லர்ல இருக்கறவங்கல்லாம் கெளம்பணுமாம், மிஸ் வெர்னா. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். போற வழியில போஸ்டாபீஸ்ல லெட்டரையும் போட்டுடறேன்."

தபால் நிலையம் அன்று நான்கு மணி வரை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கடிதம் போனால் மற்றப் பதினொரு அலமாரிகளையும் திறந்து பார்ப்பார்கள் என்பதும் தெரியும்.

"உங்களது ட்ரெய்லர் இல்ல, கண்ணு. மூணாம் மண்டலத்து வீடு. நாயையும் வெச்சுக்கிட்டு நடுரோட்ல மாட்டிக்கிறதுக்குப் பதிலா வீட்லயே இருங்க."

நாய் குரைப்பது கேட்டது.

"நெஜமா தாங்குமா? நீங்க சொன்னா இருக்கேன்."

"தாங்கும்."

நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. அப்போது என் பெட்டிகள் காரில் ஏறியிருந்தன. என் வீடு செங்கல் வீடு. இருந்தாலும் நான் கிளம்பிவிட்டேன்.

புயல் ஓய்ந்தபோது யூலாவின் வீடு, பக்கத்திலிருந்த கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கம் கிடந்தது. அவர் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார். இறால் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பைக்குள் கடிதத்தை வைத்துச் சட்டைக்குள் செருகியிருந்தாராம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. உறையில் ஸ்டாம்பும் முகவரியும் இருந்ததைப் பார்த்த ஒரு போலீஸ்காரர், நல்ல மனதோடு அதைத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அவரை நான் கொன்றேனா என்று கேட்டீர்கள். அந்த வீடு நிற்காது என்று தெரிந்தேதான் இருக்கச் சொன்னேன். கடிதம் தபாலில் சேரக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். அதற்குப் பெயர் அதுதான் என்றால், ஆம். மற்றப் பதினொரு குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் யாரும் இதுவரை எனக்கு எழுதவில்லை. எழுத்தில் வராத எதையும் நான் கோப்பில் சேர்ப்பதில்லை.

ஆனால் என்னை இரக்கமற்றவள் என்று பத்திரிகையில் போட்டிருப்பது நியாயமில்லை. யூலாவின் கடிதம் அடுத்த வாரம் வியாழக்கிழமை விழுந்த முத்திரையோடு வந்தது. ஆறு நாள் தாமதம். விதிப்படி ஏற்க முடியாது என்பதை மரியாதையாக விளக்கி, உடல்நலத்தையும் நாயையும் விசாரித்து, அவருடைய வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்த அன்றே எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு வந்த ஒரு கடிதத்துக்குக்கூட நான் பதில் போடாமல் இருந்ததில்லை.