ஏறக்குறைய நாற்பது

மரெஷல்லோ அவர்களே, உங்கள் பொலிஸ் நிலையத்தில் இந்த அறையின் ஜன்னலைத் துடைப்பவர் வேலை பழகாத ஆள். கண்ணாடியின் நான்கு மூலையிலும் அழுக்கு அப்படியே கிடக்கிறது. பலெர்மோவில் ஒன்பது வருடம் ஜன்னல் துடைத்தவன் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. மற்றபடி என்னை மரியாதையாகவே நடத்தினீர்கள். நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் ஞானாம்பிகை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒரே ஓரிடத்தைத் தவிர எல்லாம் சரி. அந்த இடம் திருந்தாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். காரணத்தை நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் எமிலியானுஸ், ஊர் ஊர்காவற்றுறை. கொழும்பில் இரண்டு வருடம் கணிதமும் கணினியும் படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அதனால் இங்குள்ள தமிழ்ச் சனம் என்னை மாஸ்ரர் என்றே கூப்பிடும். விளக்குமாறும் கையுமாக நிற்கும்போதும் மாஸ்ரர்தான். ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கு விளங்காது.

வியா மக்வேதா தெருவில் விவசாய ஆலோசகர் டொத்தோர் மன்கூசோவின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து வந்தேன். சியாகுல்லியின் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு எவ்வளவு பூச்சிமருந்து அடிக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் அலுவலகம் அது. கணக்கைப் போடுவது ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய ஒரு நிரல். அதை எழுதியவர் தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில் மிலானோவுக்குப் போய்விட, டொத்தோர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எனக்கு ஃபோர்ட்ரான் தெரியும் என்றேன். அவர் என் கையிலிருந்த வாளியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கிழமையில் அந்தச் சிரிப்பு நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிரல் ஒரே குப்பை. நானூறு வரி. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இது லீற்றர், இது ஹெக்ரயர் என்று குறிப்பு. சிசிலிக்காரர் ஊருக்கொரு நில அளவை வைத்திருப்பதால், எந்த அளவையில் சொல்கிறாய் என்று முதலிலேயே ஒரு கேள்வி. அதை மாற்றிக் கணக்கிட முப்பது வரி. விடை அளவுக்கு மிஞ்சினால் எச்சரிக்க இன்னும் பத்து வரி. எல்லாவற்றையும் துடைத்தேன். நூற்றெண்பது வரியில் நிரல் பளிச்சென்று நின்றது. 'நிலம் எவ்வளவு?' என்று கேட்கும், எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தரும். அலகு என்பது எண்ணை நம்பாதவர்களுக்கு.

டொத்தோரின் வரைபடங்கள் எல்லாம் ஹெக்ரயரில் இருந்தன. நான்கு மாதம் ஒரு பிழை வரவில்லை. என்னை அலுவலக ஊழியராகப் பதிய டொத்தோர் ஒப்பந்தம் தயாரித்தார். அதைக் காட்டினால் அடுத்த பெர்மெஸ்ஸோவில், அதாவது வதிவிட அனுமதிப் பத்திரத்தில், வீட்டு வேலையாள் என்ற சொல் இருக்காது.

சுவாம்பிள்ளை மருந்து அடிக்கும் குழுவின் தலைவர். ஊர்க்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் கோவில் வாசலில் நிற்கும்போது சொன்னார்: "மாஸ்ரரின்ரை மெஷினிட்டை வயசைக் கேட்டா ஐஞ்சு எண்டு சொல்லுமாம். நாளோ வருசமோ எண்டு ஆரும் கேக்கப்படாதாம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்திருந்தேன் என்று நீங்கள் நினைப்பது உங்கள் ஊகம். அன்று வெயில், அவர் போட்டிருந்தது நீலச் சட்டை, சிரித்தவர்கள் பதினொரு பேர். இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஜூன் மாதம் வரைபடம் இல்லாத ஒரு புதுத் தோட்டம் வந்தது. சுவாம்பிள்ளை காலால் அளந்து வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னார்: "ஒரு அறுபது வரும் மாஸ்ரர்." எங்கள் ஊரில் காணியை அப்படித்தான் சொல்வது. பரப்பு என்ற அளவையைச் சொல்லாமலே விட்டுவிடுவோம், கேட்பவருக்குத் தெரியும். நானும் அறுபது என்று கொடுத்தேன். நிரல் அதை அறுபது ஹெக்ரயராக எடுத்து, அறுபது லீற்றர் மருந்து என்றது. அப்படியே சொல்லிவிட்டேன். அதுவரை அது வெறும் பிழை, அதற்காக என்னை மன்னிக்கலாம்.

சனிக்கிழமை காலை தோட்டத்து அறையிலிருந்து திரும்பக் கூப்பிட்டார். "மாஸ்ரர், இருவது லீற்றர் கான் மூண்டையும் ஊத்தவோ சொல்லுது? இந்தளவு நிலத்துக்கு இஞ்சத்தை ஆக்கள் ரெண்டு லீற்றருக்கு மேலை விடாங்கள்."

அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. அறுபது பரப்பு என்பது ஒன்றரை ஹெக்ரயர். ஒன்றரை லீற்றர் போதும். டொத்தோர் பக்கத்தில் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. கணக்குப் பிழைச்சுப்போச்சு என்று நான் சொல்லியிருந்தால் பலெர்மோவில் ஒரே ஒருவருக்குத்தான் அது தெரிந்திருக்கும். அந்த ஒருவர் சுவாம்பிள்ளை. அடுத்த நாள் ஞாயிறு.

"நீர் மருந்தை அடியும். கணக்கை என்னட்டை விடும்" என்றேன்.

"ஓம் மாஸ்ரர். நீங்கள் சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் கேலி இருக்கவில்லை. முதல் தடவையாக.

டொத்தோர் போனதும் நிரலைத் திறந்து, 'நிலம் எத்தனை ஹெக்ரயர்?' என்று கேள்வியைத் திருத்தினேன். பிறகு யாராவது பார்த்தால், சரியாகக் கேட்டதற்கு சுவாம்பிள்ளைதான் பிழையாகப் பதில் சொன்னார் என்று தெரியும். கோப்பைத் திருத்திய நேரத்தைக் கணினி தானாகவே குறித்து வைத்திருந்தது: பன்னிரண்டு நாற்பது. அவர் இரண்டு மணிவரை, முகத்தில் ஒரு கைக்குட்டையோடு, தெளித்துக்கொண்டிருந்தார். என் மேசையில் தொலைபேசி இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது.

பின்னேரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனைவி கத்தரீனாவுக்கு இத்தாலியன் போதாது, அதனால் என்னைக் கூப்பிட்டார். தொட்டியில் மருந்து எவ்வளவு கலந்தது என்று வைத்தியர் கேட்டார். ஒன்றரை லீற்றர் என்றேன். அந்தத் தோட்டத்துக்கு அதுதான் சரியான விடை. அப்படியானால் பயமில்லை என்று சிறிதாக ஓர் ஊசி போட்டுவிட்டு, காலையில் பார்ப்போம் என்றார். கத்தரீனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை நீங்கள் நிண்டியள் மாஸ்ரர். நான் தனிய வந்திருந்தா என்னத்தைச் சொல்லியிருப்பன்?"

எனக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல்நெஞ்சன் இல்லை. காலையில், பூசை தொடங்கும் நேரம், சுவாம்பிள்ளை இறந்தார். கோவில் வாசலில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆக, தெரிந்தே சொன்னேன், தெரிந்தே திருத்தினேன், தெரிந்தே பொய் விடை கொடுத்தேன். மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். திருந்த வேண்டிய இடம் உங்கள் மூன்றாம் பக்கம், ஏழாம் வரி. வழமையைவிட 'ஏறக்குறைய நாற்பது மடங்கு' மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஹெக்ரயருக்கு முப்பத்தொன்பதரை பரப்பு. ஆகவே முப்பத்தொன்பதரை மடங்கு. அதை மாற்றித் தாருங்கள், உடனே கையெழுத்து வைக்கிறேன். ஒரு மனித உயிர் சம்பந்தப்பட்ட கணக்கில் இவ்வளவு கவனக்குறைவு கூடாது.