வயிற்றோடு தைத்த கை

என் மனைவியின் வலது கை, அட்டை அழுத்தும் உருளை இயந்திரத்துக்குள் போய்விட்டது. புறங்கையின் தோல், கையுறையைக் கழற்றியதுபோல் உரிந்து வந்துவிட்டது.

அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி வணங்குகிறேன். நான் நீட்டி முழக்கினால் மணியடிக்கக் காத்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! சந்தையில் நான் சறுக்கியபோதெல்லாம் கடன் சரக்கு கொடுத்துத் தூக்கிவிட்ட பெரியோர்களே! கல்லாவையும் குடும்பத்தையும் கட்டிக்காக்கும் தாய்மார்களே! பெட்டி செய்து பிழைக்கும் என் தொழில் தோழர்களே! மூன்றாம் வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் வணக்கம்.

நடந்தது என்ன? எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையில் ஓர் அட்டை சிக்கியது. நிறுத்தினால் நேரம் போகுமென்று, மூடியைத் திறந்து, ஓடும் உருளைக்குள் கையை விட்டாள். யார் விடவில்லை? இந்த அரங்கிலே அப்படிக் கை விடாத தொழிலாளி உண்டா? முதலாளி உண்டா? ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

ஒருவர் காப்பித்தூளோடு ஓடிவந்தார். இன்னொருவர் எண்ணெயோடு வந்தார். இருவரையும் தள்ளிவிட்டு, சுத்தமான துணியைச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அறுவை மருத்துவர் அம்மையார் பார்த்தார். "எலும்பு தப்பிச்சிடுச்சுங்க. ஆனா விரலை இழுக்கிற நாண் எல்லாம் வெளிய தெரியுது. அதுமேல மெல்லிசுத் தோல் ஒட்டினா பிடிக்காது. ரத்த ஓட்டத்தோட தடிச்ச தோல் வேணும். அடிவயித்துத் தோலை மூணு பக்கம் அறுத்துத் தூக்கி, கையோட தைப்போம். ஒரு பக்கம் வயித்துலயே இருக்கும். மூணு வாரம் கையும் வயிறும் ஒண்ணாவே இருக்கணும். புதுத் தோலுக்குக் கை ரத்தம் கொடுக்க ஆரம்பிச்சதும் பிரிச்சிடலாம்."

"அதுக்குள்ள இழுத்துட்டா?"

"தோல் செத்துடும்."

கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்தாள். "மூணு வாரம் நீங்கதான் ஊட்டணும். உப்பைப் பார்த்துப் போடுங்க, கடைக் கணக்கு மாதிரி கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்று சிரித்தாள்.

தைத்தார்கள். அதன்பின் தொடங்கியது என் தவம்! செவிலிப் பெண் வந்து அந்தத் தோலை விரலால் அழுத்துவார். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவக்க வேண்டும். வெளுத்தது சிவக்குமா? சிவந்தது நிலைக்குமா? அந்த இடைவெளியில் நான் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தார் ஒருவர்! எங்களிடம் பெட்டி வாங்கும் பழக்கடைக்காரர். பழத்தை வைத்தார், நலம் கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணே, இந்தத் தடவை பெட்டி விலையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றார். நான் வாய் திறக்குமுன், "அதெல்லாம் கட்டுப்படியாகாது!" என்று சீறினாள் இவள். சீறியது வாய் மட்டுமா? பேரம் பேசிப் பழகிய கை அல்லவா! விருட்டென்று வெளியே வீசப் பார்த்தது.

தையல் இழுபட்டது. தோலின் ஓரம் நீலம் பாய்ந்தது. அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். அன்று சிரித்திருக்க மாட்டீர்கள், ஐயா!

மருத்துவர் ஓடிவந்தார். இறுகிய தையலில் சிலவற்றை வெட்டினார், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்தார், "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லின் பாரத்தை எந்தத் தராசில் நிறுப்பேன்?

"கை போயிடுமாங்க?" என்று கேட்டாள். அந்த நீலத்தையே பார்த்திருந்தேன். ஓரத்திலே ஒரு சிவப்பு ஊர்ந்தது, நின்றது, மீண்டும் ஊர்ந்தது. பழக்கடைக்காரர் சுவரோரம் நின்று அழுதுவிட்டார்.

மூன்று வாரம் முடிந்ததும் கையை வயிற்றிலிருந்து பிரித்தார்கள். பயிற்சி கொடுத்தார்கள். இன்று அந்தக் கை பெட்டி மடிக்கிறது. வயிற்றுத் தோல் என்பதால், அவள் சதைபோட்டால் கையும் சதைபோடுகிறது.

"அதை ஏங்க மைக்குல சொல்றீங்க!" என்கிறாள், கேட்டீர்களா?

பட்டறைக்குத் திரும்ப அவள் நிபந்தனை வைத்தாள். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. அதையே, உங்கள் கையிலிருக்கும் தாளில் அச்சிட்டபடி, சங்கத்தின் தீர்மானமாக உங்கள்முன் வைக்கிறேன். ஏற்பவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்குவதற்குக் கை இருக்கும்போதே தூக்குங்கள்!

அதோ, முதல் கை அவளுடையது. பின்னால் அத்தனை கைகளும்! நன்றி, நன்றி. உங்கள் கைகளுக்கெல்லாம் என் வணக்கம். தலைவர் மணியை எடுத்துவிட்டார். ஒப்புக்கொண்டதை ஒருமுறை படித்து அமர்கிறேன்: மூடி திறந்திருந்தால் இயந்திரம் ஓடக்கூடாது. அட்டை சிக்கினால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை உள்ளே போக வேண்டும். மீறுபவர், முதலாளியே ஆனாலும், அன்றோடு அந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது.