எதுத்தாத்து பேஸ்மட்டம்

— அது எப்படிப்பா வேலு, நேத்திக்கு என் இடுப்பளவு இருந்த பேஸ்மட்டம் இன்னிக்குக் கழுத்துக்கு வந்து நிக்கறது?

— கண்டுக்காத ஜலஜாம்மா. ரெண்டே ரெண்டு வரிசை சேத்து வெச்சேன். சிமெண்டு பிளாக்கு, யானை மோதுனாலும் நிக்கும்.

— அது நிக்கும்ப்பா. நான் நிக்க வேண்டாமா? நாலு வரிசை போறும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஏழு வெச்சிருக்கே. பழைய ஆத்துல மழைத்தண்ணி உள்ள வரதுன்னு இடிச்சோம். இப்போ நானே உள்ள வர முடியாது போலிருக்கே!

— நல்லா கம்பி வெச்சு படி கட்டித் தரேன்மா. புடிச்சுக்கினு ஏறு.

— இது ஆத்து வாசலா, திருப்பதி மலையா? ரெண்டு முட்டியும் தேஞ்சு கிடக்கு. வாசல்ல கீரைக்காரி வந்தா நான் வாங்கிண்டு மேல ஏறறதுக்குள்ள கீரை வாடிடும். அப்புறம் படியை எங்கேர்ந்து ஆரம்பிப்பே? நடுத்தெருவுலேர்ந்தா?

— ரோட்டைப் பாத்தியாம்மா? பழச சொரண்டாம அது மேலயே போட்டுக்கினு போறான். இன்னும் கொஞ்ச நாள்ல ரோடு ஜன்னல் வழியா உள்ள வந்து உன்னாண்ட காபி கேக்கும்.

— அதுக்குத்தான் நாலு வரிசை.

— எதுத்த வூட்டப் பாரு. ஆறு வெச்சுட்டாங்க. நாம நாலோட நின்னா, மழை பேஞ்சா அந்த வூட்டுத் தண்ணி மொத்தமும் நம்மாண்டதான் வந்து குந்தும்.

— எதுத்தாத்து அன்புக்கரசி டீச்சரை நேத்து பார்த்தேன். அவளும் நாலுதான் கேட்டாளாம். "மேஸ்திரி காது குடுத்தே கேக்கறதில்லை மாமி, உங்க பக்கம் ஒண்ணு ஏறினா இங்கயும் ஒண்ணு ஏறறது"ன்னு அழாத குறை.

— அந்த மேஸ்திரி... வேல தெரியாத ஆளும்மா.

— பொம்மனாட்டி மேஸ்திரியாமே?

— அப்டியா? நான் சரியா பாக்கல.

— பேரு தேவானையாம்.

— மெட்ராஸ்ல ஆயிரம் தேவானை கீறாங்க.

— அதுல எத்தனை பேரைக் கையில பச்சை குத்திண்டிருக்கே?

— த்சோ. முழுக்கை சட்டை போட்டுக்கினு வந்திருக்கணும்.

— உன் ஆம்படையாளா?

— அக்காங்.

— ஏம்ப்பா, ஆம்படையானும் பொண்டாட்டியுமா சேர்ந்து எங்க ரெண்டாத்தையும் ஆகாசத்துக்குத் தூக்கறேளே, எதுக்கு?

— சேந்துன்னு யாரு சொன்னா? பேச்சு வார்த்தையே கெடையாது. கண்ணகி நகர்லேர்ந்து ஒரே வண்டிலதான் வர்றோம். அது பின்னால குந்திக்கினு மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கும்.

— அப்போ மத்தியானச் சாப்பாடு?

— அது ஆக்குனதுதான். சோத்துல கோவத்தக் காட்டாது. மொளகாயில காட்டும்.

— அப்படி என்னதான் ஆச்சு?

— என்னாண்டயே சித்தாளா இருந்துச்சும்மா. சட்டி தூக்கும், சாந்து கலக்கும். ஒரு நாளு, "கரண்டியக் குடு, நானும் ஒரு வரிசை வெக்கிறேன்"னுச்சு. டீக்கடையாண்ட எல்லார் எதிர்லயும் சிரிச்சுட்டேன். பொம்பள கட்டுன சொவுரு பூனை தும்முனா வுழுந்துடும்னேன்.

— பெருமாளே! வாயா அது?

— மறுவாரம் பாத்தா எதுத்த சைட்ல கரண்டியோட நிக்குது. மேஸ்திரியாம்! நான் ஒரு வரிசை வெச்சுட்டு அதைப் பாத்தேன். அது ஒரு வரிசை வெச்சுட்டு என்னைப் பாத்துச்சு. அவ்ளோதான். யாரு மொதல்ல நிறுத்துறாங்களோ அவங்க தோத்தாங்க.

— என் முட்டியைப் பணயம் வெச்சுப் பந்தயமா? நன்னா இருக்குப்பா நியாயம்!

— ஆம்பளைக்கு மானம்னு ஒண்ணு கீதுல்லம்மா.

— இருக்கட்டும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அவ கட்டின சுவர் கோணலா?

— அத நான் இன்னாத்துக்குப் பாக்கப் போறேன்?

— நேத்து அவ சாப்பிடப் போனப்போ அந்தப் பக்கம் போய்த் தூக்குகுண்டைத் தொங்கவிட்டுண்டு நின்னியே. வாடகை ஆத்து பால்கனிலேர்ந்து நான்தான் பார்த்துண்டிருந்தேனே.

— பாத்துட்டியா...

— கோணலா?

— இல்லம்மா.

— துளிக்கூடவா?

— குண்டு சொவுத்தத் தொட்டும் தொடாம அப்டியே நின்னுச்சு. முடியளவு இந்தாண்ட அந்தாண்ட இல்ல. மெய்யாலும் சொல்றேன், இத்தினி வருசத்துல நான் அப்டி ஒரு சொவுரு வெச்சதில்ல.

— உன்னது?

— கீழ நாலும் சுத்தம். மேல மூணும் ஒரு நூல் வெளிய தள்ளிக்கினு கீது.

— ஏனாம்?

— அதையே பாத்துக்கினு வெச்சேன்ல.

— பிளாக்கையா?

— பிளாக்க எவன் பாப்பான்? அது தலையில துண்டு கட்டிக்கினு, நாக்கக் கடிச்சுக்கினு சாந்து இழுக்கும் பாரு... வுடும்மா, வெக்கமா கீது.

— அடப்பாவி! இதை அவகிட்டச் சொல்லித் தொலைச்சா என்ன?

— அய்ய! சொன்னா அதுகிட்ட என் மருவாதி இன்னா ஆவறது? உன்னாண்ட சொன்னதோட சரி. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத.

— நான் ஏன் தொறக்கறேன்? தேவானை! சுவத்துக்கு அந்தண்டை குனிஞ்சு உட்கார்ந்தது போறும், எழுந்துக்கோம்மா. நீ கேக்கணும்னு என்கிட்டச் சொன்ன வார்த்தையை உன் ஆம்படையான் வாயாலேயே சொல்லியாச்சு. ரெண்டாத்துலயும் நாலு வரிசைக்கு இறக்கிடலாமோன்னோ?

— இன்னொரு தபா சொல்லச் சொல்லு மாமி. சொவுரு ஒசரமா கீது, சரியா காதுல வுழல.