ஒரே கோட்டு

— கோட்டக் குடும்மா, நேரமாவுது. ஐசியூ கதவ காலையில ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டிதான் தொறக்கறாங்க. ஆணியில மாட்டியிருந்தத எங்க கொண்டுபோய் வச்ச?

— மஞ்சக் கவர்ல போட்டுக் கட்டிட்டேங்க ஐயா. அந்தப் பச்சக் கோட்ட இனிமே யாரும் போடக் கூடாது.

— அப்ப கோட்டு இல்லாமயே போறேன். நவுரு.

— நீங்க உள்ள போவ முடியாதுங்க.

— இன்னாது? த பாரும்மா, உள்ள கெடக்கறது எம் புள்ள இளமாறன். உளுந்தூர்பேட்டை ரோட்டுல வண்டியில அடிபட்டவன கள்ளக்குறிச்சிக்குத் தூக்கியாந்தாங்க. அன்னிலேர்ந்து இந்த பெஞ்சுலதான் படுத்துக்கினு கெடக்கறேன். இன்னிக்கித்தான் தொண்டையிலேர்ந்து டியூப்ப எடுத்துருக்காங்க. இன்னிக்கிப் பாத்து தடுக்கறதுக்கு நீ யாரு, டாக்டரா?

— டாக்டர் இல்லீங்க. மணிமொழின்னு பேரு. ஆஸ்பத்திரிக் கிருமியப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். போன வாரம் உங்க கையில பஞ்சு வச்சுத் தடவி எடுத்தேனே, மறந்துட்டீங்களா?

— ஆமா, எல்லார் கையிலயும் தடவுன. கதவுப் புடி, கட்டில் கம்பி, ஒண்ணயும் வுடல. அதுக்கின்னா இப்ப?

— பக்கத்துக் கட்டில்ல வெள்ளிமலைக்காரரு ஒருத்தர் இருந்தாரே, ஜீப் கவுந்து வந்தவரு...

— முந்தாநேத்து போய்ச் சேந்துட்டாரு, பாவம். அவரு சம்சாரம் குஞ்சம்மா எங்கூடத்தான் இந்த பெஞ்சுல குந்தினு இருந்துச்சு. ஒரு வாய் டீகூட எறங்கல அதுக்கு.

— அவர ஜீப்பு கொல்லலீங்க. கால் எலும்பு நல்லாத்தான் கூடிக்கினு வந்துச்சு. இங்க வந்த பொறவு நெஞ்சுக்குள்ள ஒரு கிருமி போயிடுச்சு. அசினிட்டோபாக்டர்னு பேரு.

— வாயிலயே நொழையல. அப்ப அந்தம்மா மலையிலேர்ந்து கொண்டாந்துச்சா?

— அவங்கமேல பழியப் போடாதீங்க. அவரு வந்தன்னிக்கு எடுத்த சளியில அது இல்ல. இது ஆஸ்பத்திரியிலயே வளந்தது. நடமாடிக்கினு இருக்கறவங்கள ஒண்ணும் செய்யாது. டியூப்ப மாட்டிக்கினு தெம்பில்லாம கெடக்கறவங்களாப் பாத்துப் புடிச்சுக்கும். ஊசிமருந்து ஒண்ணொண்ணா மாத்திப் போட்டுப் பாத்தாங்க. எதுக்கும் அசையல. கடைசி மருந்தும் கைய விரிச்சுடுச்சு.

— சரி, அதுக்குத்தான கோட்டு? வெளி அழுக்கு உள்ள போவக் கூடாதுன்னு நீங்களே குடுத்தது. நான் ஒரு நாளாவது அது இல்லாம போயிருக்கேனா?

— இருந்தது ஒரே கோட்டுங்க. குஞ்சம்மா அதப் போட்டுக்கினு புருஷனத் தொட்டுத் தடவிட்டு வந்து ஆணியில மாட்டுவாங்க. அடுத்தாப்புல நீங்க எடுத்துப் போடுவீங்க. அத யாராச்சும் தொவச்சு நீங்க பாத்திருக்கீங்களா? காஞ்ச துணியிலகூட வாரக்கணக்குல உசுரோட கெடக்கும் அந்தக் கிருமி. கோட்டோட கை நுனி பூரா அதுதான்.

— அட கண்றாவியே! அப்ப எம் புள்ளைக்கி...

— இல்லீங்க, இல்லீங்க. அவரு சளிய நேத்துகூடப் பாத்தேன், சுத்தமா இருக்கு. எப்படியோ இதுவரைக்கும் தப்பிச்சிருக்காரு.

— வயித்துல பால வாத்தம்மா! அப்ப நவுரு, சோப்புப் போட்டு கையக் கழுவிக்கினு போறேன்.

— ஐயா, கட்டைவெரல்ல துணி சுத்தியிருக்கீங்களே. அத அவுருங்க.

— இதுவா? இங்க வர்றதுக்கு முன்னாடி கரும்பு வெட்டறப்ப கத்தி எறங்கிடுச்சு. மெடிக்கல்ல கேட்டு ரெண்டு மாத்தர வாங்கிப் போட்டேன். வலி கம்மியாச்சு, வுட்டுட்டேன்.

— அரைகொறையா போட்டா சாதாரணக் கிருமிதான் சாவும். கெட்டிக்காரக் கிருமி சொகமாத் தங்கிடும். உங்க கையில எடுத்த பஞ்சுலயும் அதேதான் வளந்திருக்கு ஐயா. தோலுமேல இருந்தா சோப்புக்குப் போயிடும். இது புண்ணுக்குள்ள குடியேறிடுச்சு.

— என் கையிலயா?

— உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, வைத்தியம் பாத்தா ஆறிடும். ஆனா இளமாறனுக்கு தொண்ட ரணமா இருக்கு. உங்க கை பட்டு அது உள்ள எறங்கிடுச்சுன்னா, குடுக்கறதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல.

— பொய் சொல்ற நீ. ஆஸ்பத்திரி பண்ண தப்ப என் தலையில கட்டப் பாக்கற.

— தப்பு ஆஸ்பத்திரியோடதுதான். அத பெரிய டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு, வாங்கியும் கட்டிக்கினுதான் வரேன். ஆனா அதுக்காவ உங்க கையிலேர்ந்து கிருமி எறங்கிப் போயிடுமா?

— எம்மா, ஒனக்கு எங்க கத தெரியாது. எங்கிட்ட அவன் பேசி ஒரு வருசமாவுது. தியாகதுருகத்துல வூடு கட்டினான். கிரகப்பிரவேசப் பத்திரிகையில மாமனாரு பேர மேல போட்டு எம் பேர கீழ போட்டுட்டான். நான் போவல. பந்தி முடியற வரைக்கும் வாசக்கால்ல நின்னுக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருந்தானாம். அப்பறம் ஃபோனப் போட்டு, "என்னவிட ஒன் வீம்புதான் ஒனக்கு ஒசத்தி"ன்னான். இப்ப நான் வந்து கெடக்கறதுகூட அவனுக்குத் தெரியாது, மயக்கத்துலயே இருந்தான். கண்ணு முழிச்சதும் மொதல்ல என் மூஞ்சியப் பாக்கணும். அதுக்குத்தாம்மா இம்புட்டும்.

— சரிங்க. புண்ணுக்கு பிளாஸ்திரி, அதுமேல கிளவுஸ், புதுக் கோட்டு, மாஸ்க். கதவாண்ட நின்னு பாருங்க, அவ்ளோதான். கட்டில் கிட்ட போவக் கூடாது, தொடவே கூடாது. டாக்டரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.

— நீ நல்லா இருப்ப கண்ணு. குடு, எங்க அந்த கிளவுசு?

— மணிமொழி மேடம், ஐசியூ உள்ளேர்ந்து வரேன், இளமாறனோட அப்பா எங்க? அட, இங்கதான் இருக்கீங்களா பெரியவரே! உங்க புள்ள முழிச்சுட்டாரு. கொரலே எழும்பல, ஆனா "அப்பா வந்தாரா"ன்னுதான் மொதல்ல கேக்கறாரு. எழுந்துக்கப் பாக்கறாரு, புடிச்சு வச்சிருக்கோம்.

— பாத்தியாம்மா, பாத்தியா! என்னத்தான் கேக்கறான்!

— ரம்யா சிஸ்டர், ஐயா கதவாண்ட மட்டும் நிப்பாரு. வாங்கய்யா, வலது கையக் குடுங்க, நானே மாட்டி வுடறேன். ஐயா? ஏன் கையப் பின்னால இழுத்துக்கறீங்க?

— வேணாம்மா. என்னப் பாத்தா அவன் கைய நீட்டுவான். நீட்டினா கதவாண்ட நிக்க என்னால ஆவாது. ஓடிப்போய்ப் புடிச்சுடுவேன்.

— அப்ப நான் அவருகிட்ட இன்னா சொல்லட்டும் பெரியவரே? கிருமி இருக்கு, அதனால வெளிய இருக்காருன்னு உள்ளதச் சொல்லிடட்டா?

— அர மயக்கத்துல இருக்கறவனுக்கு கிருமியும் கோட்டும் இன்னா புரியும்? வாசல் வரைக்கும் வந்தவன் உள்ள வரலன்னுதான் படும், ஒடைஞ்சு போயிருவான். ஒங்கப்பன் வரவே இல்ல, ஊர்லயே வீம்பு புடிச்சுக்கினு குந்தினு இருக்கான்னு சொல்லு ரம்யா. எம் புள்ளதான அவன்... அந்தக் கோவத்துல எங்கிட்ட சண்ட போடறதுக்காவது எழுந்து வந்துருவான்.