அப்பா கட்டி வைத்த கேட்

— பேரைச் சொல்லு, சாவேலி. அன்னிக்கு ஊர்ச்சபையில யார் யார் இருந்தாங்க?

— பாதிரியார் இருந்தார். பேரிடர் ஆபீஸ் பொண்ணு வரைபடத்தோட வந்திருந்தா. மாசினா அக்கா இருந்தாங்க. நான். நீங்கதான் அண்ணே, ஆப்பியா டவுன்ல ஒரு சாவுக்குப் போயிட்டீங்க.

— இந்த எதுவாதி ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து. இந்தக் குடும்பத்துத் தலைமைப் பட்டம் என்கிட்ட இருக்கு. திரும்பி வந்தா, வாசல்ல அப்பா கல்லறை பக்கத்துல நீலப் பலகை. அலை வந்தா இந்தப் பக்கம் ஓடுன்னு ஒரு ஆள் படம். யாரைக் கேட்டு நட்டாங்க?

— படத்துல இருக்கிற ஆளு உங்களை விட ஒல்லி. அதுக்கா கோபம்?

— சிரிக்காதே. கரையில இருக்கிறவன் எல்லாம் பன்னியையும் நாயையும் ஓட்டிக்கிட்டு நம்ம அப்பா நெஞ்சு மேல ஏறி மலைக்குப் போகணுமா? ஆத்தோர வழி இருக்கே.

— அது பள்ளம், அண்ணே. ஆத்து வாய் வழியாத்தான் தண்ணி முதல்ல உள்ளே வரும். அந்தப் பொண்ணு நடந்தே காட்டினா. மலைக்கு நேர் வழி நம்ம வாசல்தான்.

— ஆக, நீ தலையாட்டிட்டே. நேத்து என் எதிர்ல உட்கார்ந்து கவா குடிச்சே, ஒரு வார்த்தை சொல்லலை. பலகையைப் பிடுங்கறேன். கரைப் பக்கத்துக் கேட்டை எடுத்துட்டுச் சுவரை அடைச்சே கட்டறேன். கல்லு இறக்கியாச்சு.

— அவனை விடு, எதுவாதி. சம்மதம் சொன்னது நான்.

— நீங்களா, அக்கா? அக்கா வாக்குக்கு மேல தம்பி பேசக் கூடாது, அது தெரிஞ்சே சொல்லியிருக்கீங்க. என் கையைக் கட்டிப் போட்டுட்டீங்க. கூடப் பிறந்தவங்க செய்யற காரியமா இது?

— நீ முறைக்கு மட்டும்தான் கட்டுப்படுவே. அதான் முறையைப் பிடிச்சேன்.

— எனக்காகவா கேக்கறேன்? பன்னி புகுந்து கல்லறையைக் கிளறும்னு அப்பா அந்தக் கேட்டை எப்பவும் கம்பி போட்டுக் கட்டியே வச்சிருந்தார். யாருக்கும் திறந்து விட்டதில்லை.

— ஆமா. பெரிய அலை வந்த காலையிலயும் கட்டித்தான் இருந்தது.

— அன்னிக்கு நாம எல்லாரும் மேலே சேப்பங்கிழங்குத் தோட்டத்துல இருந்தோம். இப்போ எதுக்கு அந்தப் பேச்சு?

— நாம மேலே இருந்தோம். என் பிள்ளை கீழே கரையில, அவன் அப்பா வழிப் பாட்டி வீட்டுல இருந்தான். தண்ணி வடிஞ்சதும் அவனைத் தேடி முதல்ல இறங்கினது யாரு?

— அப்பா. அவர்தான் ஃபெதுவைத் தூக்கிட்டு வந்தார்.

— எங்கேயிருந்து?

— கரையிலிருந்து. கடல் வத்தினதும் மத்த பசங்களோட மீன் பொறுக்க ஓடியிருக்கான். அடக்கத்துல அப்பாவே எல்லார் முன்னாடியும் சொன்னாரே, அக்கா.

— சாகறதுக்கு முன்னாடி என்னைத் தனியாக் கூப்பிட்டு வேற சொன்னார்.

— என்கிட்ட சொல்லலையே. பட்டத்தை என் தலையில வச்சவர், என்கிட்ட சொல்லலையே.

— நானும் சொல்லலை. நீ அவர் பேரைச் சுமந்துக்கிட்டு நிமிர்ந்து நடந்தே. இன்னிக்கு முற்றத்துல நீ இறக்கின கல்லைப் பார்த்தேன். இனிமே முடியாது.

— என்ன சொன்னார்?

— ஃபெது மீன் பொறுக்கப் போனான்னு ஊரே சொல்லுது. போகலை. நம்ம கேட்டுக்குத்தான் ஓடி வந்தான், அப்பா அவனை எடுத்தது அங்கேதான். ஆறு வயசுப் பிள்ளை, கம்பியை அவிழ்க்கத் தெரியலை.